இரண்டாவது அடுப்பு

முப்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில், தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேச்சேரி மாதையன் செவ்வாய்ப்பேட்டையில் ஏறாத படி இல்லை. இன்டர்மீடியட்டில் சேர இடம் கிடைத்துவிட்டது. இருக்க இடம்தான் கிடைக்கவில்லை. ஹாஸ்டலில் இருந்ததெல்லாம் முந்தி வந்தவர்களுக்குப் போய்விட்டது. சேலத்துக்காரர்கள் ஒரு மூலை அறையை வாடகைக்கு விடுவதற்குள் கேட்கிற கேள்விகளைப் பெண் கொடுக்கிறவர்கள்கூடக் கேட்கமாட்டார்கள். ஒரு வீட்டில் என்ன ஜனம் என்றார்கள். அடுத்த வீட்டில் கவிச்சி தின்பாயா என்றார்கள். இன்னொரு வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, வயசுக்கு வந்த பெண் இருக்கிறாள் என்று சொல்லி முழுக்கச் சாத்தினார். கடைசியாக ஓர் அம்மாள் ஒன்றுமே கேட்கவில்லை. மூக்கைச் சுளித்து, ஆட்டு வாடை அடிக்கிறது என்று உள்ளே யாரிடமோ சொன்னாள். அன்று காலையில்தான் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்திருந்தான். அவள் வாசலிலேயே காறித் துப்பிவிட்டு வந்தான்.

அவனுடைய அப்பா அம்மாசி செம்மறி ஆடு வளர்க்கிறவர். மகன் படிக்க வேண்டும் என்று அவர் ஒன்றும் தவம் கிடக்கவில்லை. ஊர் வாத்தியார் நச்சரித்ததால் விட்டார். ஆடி பிறப்பதற்குள் குடியிருக்க இடம் பார்த்துக்கொண்டால் படி, இல்லாவிட்டால் பேசாமல் வந்து பட்டியைப் பார் என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார். ஆடி மாதத்தில் எவரும் புதுக் குடி வைக்கமாட்டார்கள். ஆவணி வரைக்கும் தெருவில் படுத்துக்கொண்டு காலேஜுக்குப் போக முடியாது. ஆக, ஆனிக்குள் ஒரு கூரை கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஆடு. மாதையனுக்கு ஆடுகளின் மேல் கோபமில்லை. ஆனால் ஆயுசு முழுக்க அவற்றின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க அவன் தயாராக இல்லை.

இப்படிப்பட்ட ஊரில் நூல் வியாபாரி சண்முகவேல் ஒரு கேள்வியும் கேட்காமல் அறை கொடுத்தார் என்றால், அப்போதே மாதையன் யோசித்திருக்க வேண்டும். பெட்டியை இறக்கி வைத்தால் போதும் என்றிருந்தது, யோசிக்கவில்லை. சண்முகவேல் அந்தத் தெருவில் பெரிய கை. பாதி வீடுகளில் தறி ஓடுவது அவர் கொடுக்கிற நூலில்தான். வீடும் பெரியது. தெருக் கதவு ஒன்று, நடுவில் முற்றம், வடபக்கம் அவருடைய குடும்பம், தென்பக்கம் தனியாக ஓர் அறை. அந்த அறையின் மூலையில் மண்ணால் போட்ட ஓர் அடுப்பு இருந்தது. அதற்கு மேல் சுவரெல்லாம் கரி.

"பி.ஏ. முடிக்கிற வரைக்கும் இருந்துக்க சாமி. உன்ற ஊடுன்னு நெனச்சுக்க," என்றார் சண்முகவேல். போகிற போக்கில், அடுப்பு இடைஞ்சலாக இருந்தால் எடுத்துப் போட்டுவிடு என்றும் சொன்னார். மாதையனுக்குச் சாப்பாடு கிளப்புக் கடையில். அடுப்பு அவனுக்கு எதற்கு? ஆனாலும் மேஜை கிடையாதே என்று, அடுப்பின் மேல் ஒரு பலகையைப் போட்டுப் புத்தகங்களை அடுக்கிவைத்தான். அப்பாவுக்கு ஆள் மூலம் சேதி சொல்லி அனுப்பினான், அறை கிடைத்துவிட்டது, ஆட்டுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதைச் சொல்லி அனுப்பியபோது அவனுக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்த வாரம் கழிவதற்குள் தெய்வநாயகி வந்து சேர்ந்தாள்.

தெய்வநாயகி, சண்முகவேலின் அண்ணன் மணியனுடைய பெண்டாட்டி. மணியன் மாசி மாதம் காய்ச்சலில் செத்துப்போனான். பிள்ளைகள் இல்லை. துக்கத்துக்குப் பிறந்த வீடான புதுச்சத்திரத்துக்குப் போயிருந்தவள், ஒரு மூட்டையோடு ஜட்காவில் வந்து இறங்கி, நேராகத் தென்பக்கத்து அறை வாசலுக்கு வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கட்டுமஸ்தான உடம்பு. உள்ளே படித்துக்கொண்டிருந்த மாதையனை அவள் பார்க்கவே இல்லை, அடுப்பைத்தான் பார்த்தாள்.

"அதும்மேல இருக்கறத எடு," என்றாள்.

மாதையன், இது நான் வாடகைக்கு எடுத்த அறை, எதுவானாலும் வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்றான். வீட்டுக்காரி நான்தான் என்றாள் அவள். அதற்குள் சண்முகவேல் முற்றத்துக்கு வந்துவிட்டார். அண்ணி தனியாக எதற்குப் பொங்கித் தின்ன வேண்டும், எல்லாரும் ஒரே பானையில் சாப்பிடுவோம், படுக்கையும் வடபக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று குழைந்தார். அவருடைய பெண்சாதி ஜானகியம்மாள் பேச்சு முடிவதற்குள் தட்டில் சோறு போட்டே கொண்டுவந்துவிட்டாள். தெய்வநாயகி அந்தத் தட்டை வாங்கி, முற்றத்தில் படுத்திருந்த நாய்க்கு முன்னால் வைத்தாள். பிறகு மாதையனின் கதவுக்கு நேர் எதிரே மூன்று செங்கல்லைக் கூட்டி உலை ஏற்றினாள். விறகுக் கொட்டகையில் பாயை விரித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து யுத்தம். பச்சை விறகாகப் பார்த்துப் பார்த்து எரித்தாள். புகை முழுவதும் மாதையனின் அறைக்குள் போய் அவன் கண்ணைக் கரித்தது. கிணற்றுத் தாம்புக் கயிற்றை அவிழ்த்து எடுத்து ஒளித்துவைத்தாள். அவன் பல நாள் குளிக்காமலே காலேஜுக்குப் போனான். தேடிவந்த பையன்களிடம், அவனுக்குச் சொறி, ஒட்டிக்கொள்ளும், கிட்டே போகாதீர்கள் என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினாள். மாதையனும் சளைத்தவன் இல்லை. புருஷன் போனதிலிருந்து அவள் கவிச்சியைத் தொடுவதில்லை என்று தெரிந்துகொண்டு, சந்தையில் கருவாடு வாங்கிவந்து, அவள் கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்து அவளுடைய செங்கல் அடுப்புத் தணலிலேயே சுட்டுத் தின்றான். லீவு நாளில் அவள் மத்தியானம் கண்ணயர்ந்தால் இங்கிலீஷ் பாடத்தைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திப் படித்தான். அவள் அவனைப் பட்டிக்காரன் என்றாள், அவன் அவளை மூதேவி என்றான். ஒருவர் பெயரை ஒருவர் சொன்னதே இல்லை.

அந்த அடுப்பு எனக்கு ஏன் வேண்டும் என்று அவள் ஒரு தடவையாவது அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கேட்டிருப்பானோ என்னவோ, அது வேறு விஷயம். ஆனால் கொழுந்தன் கொண்டுவந்து குடிவைத்த ஆளிடம் போய் என் கஷ்டம் இன்னது என்று சொல்வதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. வீம்பு பிடித்த பொம்பளை. பையன் அவளுக்கு மேல் வீம்பு. சண்முகவேல் இரண்டு பேரையும் வடபக்கத்துக் கதவிலிருந்து பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

ஆனி கடைசியில் ஒரு நாள் நல்ல மழை. மாதையன் காலேஜிலிருந்து நனைந்துகொண்டு வந்தபோது அறைப் பூட்டு உடைந்து தொங்கியது. அவனுடைய புத்தகங்கள் முற்றத்துச் சேற்றில் கிடந்தன. இரவல் வாங்கிய லாகரிதம் புத்தகம் ஊறி உப்பியிருந்தது. உள்ளே தெய்வநாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த அடுப்பைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். அவன் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"நான் அப்பவே சொன்னனே சாமி, அத எடுத்துப் போட்டுருன்னு," என்றார் சண்முகவேல், தன் கதவிலிருந்து, ரொம்ப மெதுவாக.

மாதையனுக்குக் கண் மண் தெரியவில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் காட்டில் மூன்று கல்லைக் கூட்டிச் சமைப்பார்கள். தின்று முடித்துப் பட்டி கிளம்பும்போது அந்தக் கல்லைக் காலால் எட்டித் தள்ளிவிட்டுப் போவார்கள். அடுத்த நாள் வேறு காடு, வேறு கல். பிறந்தது முதல் அவன் பார்த்தது அதுதான். அடுப்பு என்றால் அவனுக்கு அவ்வளவுதான். அவளை விலகச் சொல்லக்கூட இல்லை. ஓங்கி ஓர் உதை விட்டான். பானையைத் தாங்கும் முன்பக்கத்துக் குமிழ் உடைந்து உருண்டது. இன்னோர் உதையில் பக்கம் சரிந்தது. அப்படியும் ஆத்திரம் தீராமல், மண்வெட்டியை எடுத்துவந்து மீதியைத் தரையோடு தரையாகக் கொத்தினான்.

அவள் தெருவைக் கூட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. சாணிக் கையோடு சுவரோரம் ஒதுங்கி நின்று, கடைசிக் கட்டி உடைகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு வெளியே போய், மழையில் அணைந்துகிடந்த தன் மூன்று செங்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஜெயித்தது மாதையன்தான். ஆனாலும் அன்று அவனுக்குப் படிப்பு ஓடவில்லை.

மறுநாள் காலையிலேயே சண்முகவேல் ஆள் வைத்து அந்த மூலையைச் சமன் செய்து சாணி போட்டு மெழுகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஒரு மேஜையும் வந்து இறங்கியது. மாதையனை வடபக்கத்துக்கு அழைத்து உட்காரவைத்து, ஜானகியம்மாள் கையால் காப்பி கொடுத்தார். எதற்குங்க இவ்வளவு என்று மாதையன் கேட்டான். அவரும் இருந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவர்கள் ஜனத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிவதற்குப் பத்திரம் எழுதும் வழக்கம் இல்லை. பெரியதனக்காரர்கள் முன்னால் வீட்டில் இரண்டாவது அடுப்பு போட்டு, அதில் பால் பொங்கினால் பாகம் பிரிந்தது என்று அர்த்தம். இரண்டு அடுப்பு என்றால் இரண்டு குடும்பம். பாதி வீடும் பாதிச் சொத்தும் மணியனுக்கு, அவனுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டிக்கு. ஒரே அடுப்பு என்றால் ஒரே குடும்பம். எல்லாம் உயிரோடு இருக்கிற தம்பிக்கு, விதவைக்குச் சோறும் துணியும். மணியன் அப்படிப் பாகம் பிரிந்த அன்றைக்குப் பால் பொங்கியதைப் பார்த்த பெரியவர்கள் இப்போது உயிரோடு இல்லை. தெருவில் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்தால் அவர்கள் தறிக்கு நூல் வராது. ஆக, அவளுக்கு மிச்சமிருந்த சாட்சி அந்த அடுப்பு ஒன்றுதான். ஆனால் எரிந்த அடுப்பை அந்த வீட்டு ஆளே கை வைத்து இடித்தால் குலம் விளங்காது என்றும் அவர்களுக்கு ஒரு பயம் உண்டு. சண்முகவேலுக்குச் சொத்தும் வேண்டும், குலமும் விளங்க வேண்டும். அதற்குத்தான் ஒரு வெளியாளைக் குடிவைத்தார்.

"வெள்ளிக்கெழம பெரியதனக்காரங்க வாராங்க. நான் குடி வந்தப்ப இங்க அடுப்பே இல்லீங்கன்னு ஒரு வார்த்த சொல்லு சாமி, போதும். அப்பறம் அந்த ரூமு உன்றதுதான்," என்றார்.

மாதையனுக்குக் காப்பி கசந்தது. தன் காலை இன்னொருத்தன் இரவல் வாங்கி உதைத்திருக்கிறான் என்பது இப்போதுதான் புரிந்தது. ஆனால் கசந்தது என்பதற்காக அறையை விட்டுவிட முடியுமா? உண்மையைச் சொன்னால் தென்பக்கம் தெய்வநாயகிக்குப் போகும். அவள் செய்கிற முதல் காரியம் அவனைத் துரத்துவதுதான். பொய் சொன்னால் பி.ஏ. வரைக்கும் கூரை உண்டு, மேஜையும் உண்டு. இவ்வளவுக்கும் அவள் என்ன ஒழுங்கா? பாவம் பார்க்கிற அளவுக்கு அவள் ஒரு நாளாவது நடந்துகொண்டாளா? ஊறிப்போன லாகரிதம் புத்தகத்தை முற்றத்து வெயிலில் விரித்துவைத்துக்கொண்டு யோசித்து, அவளுக்கு இது வேண்டும்தான் என்று முடிவு கட்டினான். சரிங்க, சொல்லிவிடுகிறேன் என்று சண்முகவேலிடம் ஒப்புக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பெரியதனக்காரர் நாச்சிமுத்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். முற்றத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். தெருக் கதவு வரைக்கும் கூட்டம். தெய்வநாயகி சுருக்கமாகச் சொன்னாள்: பாகம் பிரிந்தது, பால் பொங்கியது, அந்த மூலையில் அடுப்பு இருந்தது, இடித்துவிட்டார்கள். எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைச் சுவரும் மேஜையும் இருந்தன. பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று நாச்சிமுத்து கூட்டத்தைக் கேட்டார். கூட்டம் தரையைப் பார்த்தது. சண்முகவேல் வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றி, "எந்த அடுப்பு மேலயும் நான் கை வெக்கலீங்க," என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அவர் சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் கிடையாது. பெரியதனக்காரர்கள் தலையை ஆட்டினார்கள்.

"அந்தப் பையனக் கேளுங்க," என்றாள் தெய்வநாயகி. நம்பிக்கையோடு சொல்லவில்லை. வேறு ஆள் இல்லை, அதனால் சொன்னாள்.

நாச்சிமுத்து மாதையன் பக்கம் திரும்பினார். அவன் முகத்தைப் பார்த்ததும் சண்முகவேலுக்கு என்ன தட்டியதோ, சாட்சியே வேண்டாம் என்று ஒதுக்கிவிடப் பார்த்தார்.

"அவன என்னத்தக் கேக்கறதுங்க? மேச்சேரிப் பட்டிக்காட்டான். ஆட்டோட படுத்து ஆட்டோட எந்திரிச்சவன். அடுப்பு எது, ஆட்டுத் தொட்டி எதுன்னே தெரியாது. போக்கத்துத் திரிஞ்சான், பாவம்னு எடங் குடுத்தேன்."

பெரியதனக்காரர்கள் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் ஜானகியம்மாளும் சிரித்தாள். தெருக்காரர்களுக்கும் அதுவரைக்கும் அடக்கிவைத்திருந்த மூச்சு சிரிப்பாக வந்தது. மாதையனுக்குக் காது சிவந்தது. நியாயம், விதவை, பாகம் ஒன்றும் அப்போது அவன் நினைப்பில் இல்லை. இந்த ஆளை இந்த இடத்திலேயே தலை குனிய வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அடுப்பு எதுன்னு எனக்குத் தெரியுமுங்க," என்றான். "நான் வந்தப்ப அந்த மூலைல இருந்துச்சு. மூணு குமிழு வெச்ச மண்ணடுப்பு. இவரு எடுத்துப் போடச் சொன்னாருங்க. நாந்தான் ஒதச்சு இடிச்சேன். மேல சுண்ணாம்பு அடிச்சது இவரு."

நாச்சிமுத்து எழுந்து போய், மடியிலிருந்த சாவியால் சுவரைச் சுரண்டினார். வெள்ளைக்கு அடியில் கரி வந்தது. அதற்கு மேல் பேச்சு அதிகம் நடக்கவில்லை. தென்பக்கமும் பாதிச் சொத்தும் தெய்வநாயகிக்கு என்று தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆடி பிறக்கிறது, அதற்குள் அடுப்பு போட்டாக வேண்டும், இடித்தவனே கட்டிக் கொடுக்கட்டும் என்றும் சொல்லிவிட்டு அவர்கள் எழுந்துகொண்டார்கள். சண்முகவேல் மாதையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வடபக்கத்துக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

சனிக்கிழமை காலையில் மாதையன் ஏரியிலிருந்து மண் சுமந்துவந்தான். வைக்கோலைத் துண்டாக்கிப் போட்டு மிதித்துக் குழைத்தான். தெய்வநாயகி வாசற்படியில் உட்கார்ந்து ஏவினாள். குமிழ் கோணல் என்றாள், இடித்துவிட்டு மறுபடி பிடித்தான். வாய் அகலம் என்றாள், அதையும் சுருக்கினான். வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் செய்தான். தன்னால்தானே இவளுக்கு வீடு கிடைத்தது, அதை மறந்துவிடவா போகிறாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அறையில் அடுப்பு ஒரு மூலையில் எரிந்தால் எரியட்டும், இன்னொரு மூலையில் ஒரு பாய் போட இடம் போதும், அல்லது அந்த விறகுக் கொட்டகையாவது போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மத்தியானம் ஈரம் கொஞ்சம் இழுத்ததும், அவள் பனையோலையைக் கொளுத்திவைத்துப் பால் ஏற்றினாள். பால் பொங்கி வழிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொட்டியக் கட்டு," என்றாள்.

"நாளைக்கு ஆடிங்க. எனக்கு யாரு எடங் குடுப்பாங்க? நான் சொல்லலீன்னா உங்களுக்கு இந்த ஊடே இல்லீங்களே," என்றான் மாதையன்.

"நீ ஒதைக்கலீன்னா நீ சொல்லவே வேண்டீதில்ல," என்றாள் அவள். "அந்த அடுப்பு முன்னால நின்னுக்கிட்டு உன்ற மூஞ்சியப் பாக்க என்னால முடியாது. கொட்டாயிலயும் வேண்டாம். போ."

அவனிடம் இருந்த ஒரே நியாயத்தை அவள் ஒரு வார்த்தையில் வழித்துப் போட்டுவிட்டாள். காய்ந்தும் காயாமலும் இருந்த புத்தகங்களைப் பெட்டியில் போட்டு, தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் மறுபடியும் படி ஏற ஆரம்பித்தான். அவன் போவதற்கு முன்னாலேயே சேதி எல்லாத் தெருவுக்கும் போயிருந்தது. அவன் உண்மையைச் சொன்னது போகவில்லை. தாலியறுத்தவள் அடுப்பைக் காலால் உதைத்து இடித்தான் என்பது மட்டும்தான் போயிருந்தது. சில வீடுகளில் அவனைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள். ஒரு வீட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை யாரும் ஜாதியைக் கேட்கவில்லை, கவிச்சியைக் கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஊர்க்கோடியில் சென்னியம்மாள் என்ற ஓர் அம்மாளின் வீட்டுக்குப் போனான். முன்பக்கத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. அவள் அவன் வாடிய முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று முதலில் கேட்டாள். நாளைக்கு ஆடி, இன்றைக்கே சாமான் வைத்துவிடு என்றாள். சாவியைக்கூட இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத சாமி," என்றாள். "அடுப்ப ஒதச்சு இடிச்ச பையன் ஒருத்தன் ரூம் தேடிக்கிட்டு அலையறானாமா. அது நீ இல்லியே?"

மாதையன் பெட்டியை இறக்காமல் நின்றான். இல்லீங்க என்ற ஒரு வார்த்தை போதும். அந்தச் சாவி கைக்கு வந்துவிடும். சண்முகவேல் அவனிடம் கேட்டதும் இதே 'இல்லீங்க'வைத்தான். அதைச் சொல்கிறவனாக இருந்திருந்தால் நேற்றே சொல்லிவிட்டு இந்நேரம் மேஜையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கலாம். இவ்வளவையும் இழந்த பிறகு இந்த ஊர்க்கோடி அறைக்காக அதைச் சொல்வதா என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

"நாந்தானுங்க," என்றான்.

சென்னியம்மாள் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். திட்டவில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாதையன் பெட்டியைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டு, மேச்சேரிக்குப் போக ஓமலூர் ரோட்டில் நடந்தான்.